ஏழு தீவும் ஒரே நாளில்?

ஜூன் 3, வந்த கேள்வி

"ஜூலையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறோம். கையில் இரண்டே நாள். ஒரு நாள் நல்லூர், கோட்டை, கடைத்தெரு. மற்ற நாளில் ஏழு தீவுகளையும் முடித்துவிடலாம், ஒரு வான் பிடித்தால் போதும் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

ஜூன் 3

உண்மை இல்லை. வானுக்கு நீந்தத் தெரியாது.

ஏழில் மூன்றுக்குத்தான் தரைவழி: வேலணை, புங்குடுதீவு, காரைநகர். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் படகேற வேண்டும். படகு உங்கள் வசதிக்குப் புறப்படாது. திரும்பி வரும் கடைசிப் படகு உங்களுக்காகக் காத்திருக்கவும் மாட்டாது. தீவகத்துக்குக் கிலோமீற்றர் கணக்குப் பார்த்துப் போகிறவர்கள் பின்னேரம் இறங்குதுறையில் நின்று வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்வது இதுதான்: விடியவே புங்குடுதீவில் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போய் நெடுந்தீவுப் படகைப் பிடியுங்கள். திரும்பி வந்து நயினாதீவு. ஒரு நாளுக்கு அது தாராளம். நான் அப்படிச் செய்திருக்கிறேன். அனலைதீவையும் எழுவைதீவையும் விட்டுவிடுங்கள், பார்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 3, இரவு

மண்டைதீவை எங்கே விட்டாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால், அதாவது கடலுக்கு நடுவே போட்ட வீதியால், போகும்போது முதலில் கிளை பிரிவதே அதற்குத்தான். அதையும் சேர்த்தால் எட்டு. ஆனால் 'சப்த தீவு' என்றால் புராணம்போல ஒலிக்கிறது, 'அட்ட தீவு' என்றால் கிரகக் கோளாறுபோல ஒலிக்கிறது. மண்டைதீவார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கச்சதீவையும் சேர் என்கிறார் இன்னொருவர். அங்கே குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. அந்தோனியார் கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, பெப்ரவரி மார்ச் பக்கம் வரும் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் சனங்கள் போவார்கள், அவ்வளவுதான். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி வாதாட வருகிறவர்கள் வேறு திண்ணை பார்க்கவும். இங்கே படகு நேரம் பேசுகிறோம்.

ஜூன் 4

'குறிகட்டுவான்' பிழை, 'குறிகாட்டுவான்' என்பதே சரி என்று மூன்று பேர். இல்லை, கட்டுவான்தான் சரி என்று நான்கு பேர். பத்திரிகைகளிலேயே இரண்டும் வருகின்றன. நான் சிறு வயதிலிருந்து எழுதிப் பழகியது 'கட்டுவான்', இனி மாற்றப் போவதில்லை. சண்டை வேண்டாம் என்பவர்கள் ஊரவர்கள் செய்வதுபோலக் கே.கே.டி. என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள்.

பஸ் என்றதும் ஒன்று. வானுக்குக் காசைக் கொட்டாமல் பஸ்ஸில் போங்கள், இடது பக்கமோ வலது பக்கமோ ஜன்னலோரம் கிடைத்தால் போதும். கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர். கடல் என்று சொல்ல வாய் வராது, பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கிற ஆழந்தான். மீன் பிடிக்கும் சிறகுவலைக்கு நட்ட கம்புகள் வரிசையாகத் தூரம் வரைக்கும் போகும். கம்புக்கு ஒன்றாக நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும், கொடியில் போட்ட சட்டைகள் மாதிரி. அல்லைப்பிட்டி, வேலணை என்று பனைகளுக்குள் புகுந்து வெளியே வந்தால் மறுபடியும் தண்ணீர். அது வாணர் தாம்போதி, அதைத் தாண்டினால் புங்குடுதீவு. காற்றுக் காலத்தில் அந்தத் தாம்போதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நேராகப் போவதற்காகச் சற்றுச் சரிந்து ஓட்டுவார்கள். முதன்முதல் பார்க்கிறவருக்கு எல்லோரும் விழப்போகிறார்கள் என்றே தோன்றும்.

ஜூன் 5

ஒரு திருத்தம், கொஞ்சம் வெட்கத்தோடு.

"நான் அப்படிச் செய்திருக்கிறேன்" என்று முதல் குறிப்பில் எழுதினேன் அல்லவா. வீட்டுக்காரி வாசித்துவிட்டு, "எப்போது?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். செய்ததில்லை. செய்யத் திட்டமிட்டோம். நடந்தது வேறு.

2016 ஏப்ரல். காலைப் படகில் நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணி நேரக் கடல், எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மாவலித் துறையில் இறங்கியதும் ஓர் ஓட்டோ பிடித்துப் பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு என்று பார்த்தோம். அதோடு திரும்பியிருக்க வேண்டும். ஓட்டோக்காரத் தம்பி, "குயிந்தா வெளிச்சவீடு பார்க்காமல் போனால் நெடுந்தீவு பார்த்ததாக ஆகாது" என்றான். அது தீவின் மற்ற முனை. தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் என்பதை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். வெயிலில், அந்த வீதியில், அது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பும் வழியில் ஓட்டோவின் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. பின்னால் வந்த லான்ட்மாஸ்டர், அதாவது இருசில்லு உழவு இயந்திரம், இழுத்துவந்த பெட்டியில், இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்க்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே ஏறிக்கொண்டோம். லான்ட்மாஸ்டரை அவசரப்படுத்த முடியாது. துறைக்கு வந்தபோது படகு போய்விட்டது. போய்விட்டது என்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

அன்றிரவு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வீட்டில் தங்கினோம். கேட்டது ஓட்டோக்காரத் தம்பி, அவர் தலையாட்டினார், முடிந்தது கதை. வளவைச் சுற்றி முருகைக்கல் வேலி. சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லுக்கு மேல் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். நெடுந்தீவு முழுக்க இந்த வேலிதான், மைல் கணக்கில். பகலில் சாம்பல் நிறமாகக் கிடந்தது நிலவில் எலும்புபோல வெளுத்துத் தெரிந்தது. கிட்டப் போய்க் கையால் தடவினால் கல்லுக்குள் பூப்பூவாக, மூளைமடிப்புப் போல, ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளின் அச்சு. காற்று இடுக்குகளால் புகுந்து வருகிறது, அதனால்தான் வேலி விழாமல் நிற்கிறது என்றார் ஆசிரியை. மதில் கட்டியிருந்தால் முதல் வாடைக்கே சாய்ந்திருக்குமாம்.

அவர் தந்த தேநீரில் உப்புக் கரித்தது. கிணற்றுத் தண்ணீர் அப்படி. நான் முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரி மறுக்கிறார்.

ஆகவே: ஒரு நாளுக்கு ஒரு தீவு. முதல் குறிப்பில் எழுதியதை வெட்டிவிடுங்கள்.

ஜூன் 6

"ஒரு நாளில் இரண்டும் பார்த்தேன், எந்தச் சிக்கலும் இல்லை" என்று ஒருவர் படத்தோடு போட்டிருக்கிறார். முடியாது என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தால் மார்ச் மாதத்துக் கடல். கேள்வி கேட்டவர் வருவது ஜூலையில்.

மே தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும் சோளகம். தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். நெடுந்தீவுப் பக்கம் கடல் எழும்பும். படகில் முன்பக்கம் இருப்பவர் நனைவார், பின்பக்கம் இருப்பவர் வாந்தி எடுப்பார். சில நாள் படகே விடமாட்டார்கள். நவம்பர் பக்கம் வாடை பிறந்தால் மழையும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் கடல் நல்ல பிள்ளை. கச்சதீவுத் திருவிழா அந்த நேரத்தில் வருவது கடலோடிகளுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

ஜூலையில்தான் வர முடியும் என்றால் நயினாதீவு போங்கள். கால் மணி நேரக் கடல், இரண்டு தீவுகளின் மறைப்பில்.

ஜூன் 8

நெடுந்தீவை ஏன் 'டெல்ஃப்ட்' என்கிறார்கள் என்று கேட்டவருக்கு. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபின் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், எழுவைதீவு ஹூர்ன், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றில் ஐந்து, அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் கிளைச் சபைகள் இருந்த நகரங்கள். பங்குக்காரர்களைக் குளிரவைத்திருக்கிறார்கள், செலவில்லாத வழி.

நெடுந்தீவில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற ஆறும் உதிர்ந்துவிட்டன. என் அம்மம்மா மிடில்பர்க்காரி என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜூன் 8, சற்றுக் கழித்து

ஆறும் உதிரவில்லை, 'லைடன்' இன்னும் ஆங்கில வரைபடங்களில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சரி. ஆனால் வேலணைச் சந்தியில் நின்று லைடனுக்கு வழி கேட்டுப் பாருங்கள்.

போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுத்தீவு என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள். அதுவே எனக்குப் பிடித்த பெயர். வந்திறங்கியவன் கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறான், நன்றிக்கடன் எதுவும் தீர்க்கவில்லை.

ஜூன் 10

காரைநகரையும் வேலணைத் தீவிலுள்ள ஊர்காவற்றுறையையும் ஒரே சுற்றில் பார்க்கலாமா என்று கேள்வி. பார்க்கலாம், ஆனால் ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த என் மருமகன் ஒருவன், அக்காவின் மகன், காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் குளித்துவிட்டு ஊர்காவற்றுறைக்கு எப்படிப் போவது என்று விசாரித்திருக்கிறான். "பாதை இருக்கிறது, நேரே போங்கோ" என்றார்களாம். அவன் பாலம் போட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்து காரை விட்டிருக்கிறான். வீதி கடலுக்குள் இறங்கி முடிந்துவிட்டது. எனக்குத் தொலைபேசி எடுத்து, "மாமா, பாதையைக் காணவில்லை" என்றான். "கடலில் மிதந்து வரும், பொறு" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று கோபித்துக்கொண்டான்.

கேலி இல்லை. எங்கள் பக்கம் 'பாதை' என்றால் ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடல் ஒரு கிலோமீற்றர்கூட இராது. பாதையைத் தவற விட்டால் பொன்னாலைத் தாம்போதியால் யாழ்ப்பாணம் போய்ப் பண்ணையால் வர வேண்டும், 40 கிலோமீற்றர் போல வரும். மருமகன் அப்படித்தான் போனான்.

அக்கரைக்குப் போகும்போது வாய்க்காலின் நடுவே தெரியும் கற்கட்டடம் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் திருத்தினார்கள். அவர்கள் இட்ட பெயர் ஹமன்ஹீல், பன்றித்தொடையின் குதி என்று பொருள். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பதப்படுத்திய பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம், கோட்டை நின்ற இடம் அதன் குதிகால். நமக்கு மாம்பழமாகத் தெரிவது அவர்களுக்கு இறைச்சியாகத் தெரிந்திருக்கிறது. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. சிறைக்கூடத்தில் ஒரு நேரம் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு.

ஜூன் 11

நயினாதீவைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிட்டேன் என்று திட்டு விழுந்திருக்கிறது.

கே.கே.டி.யில் மரப்படகு. குனிந்து உள்ளே இறங்க வேண்டும். பலகை இருக்கைகள், இயந்திரச் சூடு, டீசல் மணம், அதற்குள் பிச்சிப்பூ மணம். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் தெற்கிலிருந்து வந்த சிங்கள அம்மாக்கள், தாமரை மொட்டுகளை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் அர்ச்சனைத் தட்டோடு. ஒரே படகு. ஒருவர் நாகபூசணி அம்மனுக்கு, மற்றவர் நாகதீப விகாரைக்கு. இரண்டுக்கும் இடையே நடை தூரந்தான். நாகர் அரசர்கள் இருவர் ஒரு மணி ஆசனத்துக்குச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்கிறது மகாவம்சம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அங்கே கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி கிடைக்கிறது. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். மதியம் போனால் இலை போடுவார்கள், வரிசையில் குந்தியிருங்கள். காவியம் பொய்யோ மெய்யோ, அந்தப் பூசணிக்காய்க் கறி மெய்.

இன்னொன்று, நான் இரண்டாம் முறை போனபோதுதான் அறிந்துகொண்டது. முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று அம்மன் கோயிலில் கிடைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட அரசன், ஆனால் கட்டளை தமிழில். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்ற கணக்கு: யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி.

எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு. குதிரை கொண்டுவருகிறவனை அரசன் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை, படைக்குக் குதிரை வேண்டும். துணியும் பானையும் கொண்டுவருகிறவனிடம் பாதியைப் பிடுங்கலாம், அடுத்த கப்பலில் வேறொருவன் வருவான். 800 ஆண்டுக்கு மேலான சுங்க விதி, இன்றைக்குத் துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்கு வாசித்துக் காட்டினால் சிரிக்கத்தான் செய்வார்.

ஜூன் 14

"புங்குடுதீவில் என்ன இருக்கிறது? கே.கே.டி.க்குப் போகிற வழிதானே?"

இப்படி ஒருவர் எழுதியதால் மூன்று நாளாக நான் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் பிறகு திருத்த வேண்டிவரும்.

அம்மாவின் ஊர் அது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தீவான்' என்றவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்தத் தீவார்தான் கொழும்பிலும் தெற்குப் பட்டினங்களிலும் கடை போட்டு, சாக்கு மூட்டைமேல் படுத்து, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். மண் தரவில்லை, தண்ணீர் உவர், கடை வைப்பதைத் தவிர வேறு வழி? 1990, 91இல் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அம்மம்மா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வள்ளம் ஏறினா. சாகும்வரை அது அவவின் தலையணைக்கடியில் கிடந்தது.

சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். கூரை இல்லை, வளை இல்லை, நிலை இல்லை. மரம் என்று பெயருள்ள எதையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அறைக்குள் ஓர் ஆல் முளைத்து வேர் சுவரோடு வழிந்து தரைக்கு வந்திருந்தது. வேரை வெட்டினால் சுவர் விழும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சமையலறைச் சுவரில் அம்மி வைத்திருந்த மேடை அப்படியே, கரிபடிந்த மூலையும் அப்படியே. துலாக் கிணற்றில் துலா இல்லை, எட்டிப் பார்த்தால் தண்ணீர் இருந்தது. உறுதிப்பத்திரம் ரொறொன்ரோவில் ஒரு பெரியம்மாவிடம். ஆல் அங்கே, உறுதி இங்கே. பக்கத்து வளவும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. ஆனால் கோயில்களைப் பாருங்கள்: புதுவர்ணக் கோபுரம், பளிங்குத் தரை, வெளிநாட்டுக் காசு. வீடு திருத்த நான்கு பேர் ஒப்புதல் வேண்டும், கோயிலுக்கு ஒருவருடைய வங்கிக்கணக்குப் போதும்.

புங்குடுதீவில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், இதுதான் இருக்கிறது.

ஜூன் 15

மேலே எழுதியது சற்றுக் கூடிவிட்டது. ஆனாலும் அழிக்கவில்லை.

நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். குமுதினி என்ற படகின் பெயர் அங்கே யார் வாயிலாவது வரும். 1985 மே 15 அன்று அதில் வந்துகொண்டிருந்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் கூடி நினைவுகூரும். அந்தக் கடலில் செல்ஃபி எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேர் காதில் விழுந்தால் என்னவென்று தெரிந்திருக்கட்டும்.

ஜூன் 21

குதிரைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பலர். எழுதியிருக்க வேண்டும், நெடுந்தீவு என்றாலே படம் போடுவது அதைத்தான்.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை, ஒல்லாந்தர் வளர்த்தவை என்பார்கள். உயரம் குறைந்த மட்டக்குதிரைகள், தென்பகுதி வெளிகளில் கூட்டமாக மேயும். நான் பார்த்த அன்று ஏழெட்டு, பாதி எலும்பு தெரிய. கடற்கரையில் பிடரி பறக்க ஓடும் குதிரையை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். ஓட்டோக்காரத் தம்பி சொன்னான்: வறட்சியில் கேணிகள் வற்றிவிட்டால் குதிரைகள் தண்ணீருக்கு அலைந்து சாகும், சேற்றில் புதைந்தும் சாகும். மாட்டுக்குச் சொந்தக்காரன் உண்டு, தண்ணீர் காட்டுவான், குதிரைக்கு யார் இருக்கிறார்கள்?

லான்ட்மாஸ்டரில் எங்களோடு வந்த இரண்டு பீப்பாய்கள் எங்கே போயின என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

ஜூலை 16

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். தனியாக எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கம்.

நெடுந்தீவுக்குப் போகவில்லை, சோளகம். நயினாதீவுக்கும் போகவில்லை. வானும் பிடிக்கவில்லை. ஊர்காவற்றுறைக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து படகில் அனலைதீவு போயிருக்கிறார்கள். நான் 'பார்க்க ஒன்றும் இல்லை' என்ற அதே அனலைதீவு. அவருடைய அப்பாவைப் பெற்ற தாயின் ஊராம் அது. முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏழையும் பார்த்தால் அதுவும் அதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் அதை மட்டும் வெட்டிவிட்டீர்கள்" என்கிறார்.

ஐயனார் கோயில் வீதியில் ஒரு கிழவர் அவரை நிறுத்தி, யாருடைய பிள்ளை என்று கேட்டிருக்கிறார். பாட்டியின் பெயரைச் சொன்னதும், "புகையிலைத் தோட்டத்து வீட்டுக்காரியா, அவவுக்குக் காது கேளாதே" என்றாராம். பாட்டிக்குக் காது கேளாது என்பது அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாது. பாட்டி இளவயதிலேயே இறந்துபோனவர். தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுதான் எப்போதும் சத்தமாகப் பேசுவா" என்றாராம்.

புங்குடுதீவை வழி என்றவர்மேல் மூன்று நாள் கோபித்துக்கொண்டிருந்தேன். அனலைதீவார் யாராவது என் முதல் குறிப்பை வாசித்திருந்தால் அவர்களுக்கு எத்தனை நாள் கோபம் இருந்திருக்கும் என்று வீட்டுக்காரி கேட்கிறார்.

அந்த வரியை எடுத்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் நான் அனலைதீவுக்கும் போனதில்லை, எழுவைதீவுக்கும் போனதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து இப்போது எத்தனை மணிக்குப் படகு? காலையில் போனால் பின்னேரம் திரும்ப முடியுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.